முழுப்பேரும் அரைப்பேரும்

(தோட்டக் கலைஞர்கள் ஒன்றுகூடலில் மூத்த ஓவியர் ஒருவர் தமது அண்ணன் சார்பிலும் பேசியதன் எழுத்து வடிவம்)



மேடையில் நிற்பது ஒருவர் என்றாலும் பேசுவது இரண்டு பேர். அண்ணன் முன்வரிசையில் இருக்கிறார். கை நடுக்கம் வந்த பிறகு அவர் மைக் பிடிப்பதில்லை. ஆனால் வாய் நன்றாக இருக்கிறது. பிழையாக ஏதாவது சொன்னால் அங்கிருந்தே திருத்துவார், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் எந்தப் பள்ளியிலும் சித்திரம் படிக்கவில்லை. தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு வர்ணம் பூச டவுனிலிருந்து ஒரு பாஸ் வந்தார். அவருக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்து, மண்ணெண்ணெயில் பிரஷ் கழுவிக் கழுவிப் பழகியதுதான் எல்லாம். பகலில் மலையில் கவ்வாத்து வெட்டுவோம். இரவில் குப்பி லாம்பு வெளிச்சத்தில் லயத்து வாசலில் உட்கார்ந்து எழுத்துப் போடுவோம். அம்மா திட்டுவார், எண்ணெய் தீருகிறது என்று.

எங்களுக்குக் கைநிறைய வேலை வந்தது ஒரு துக்கமான காலத்தில்தான். 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று கணக்கு. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். யாரும் எங்களிடம் கேட்கவில்லை, அது வேறு கதை. ஆனால் அந்தக் கணக்கு பல வீட்டுக்குள்ளேயே கோடு போட்டது. அப்பா அம்மாவுக்கு அந்தப் பக்கம், கல்யாணம் முடித்த மகனுக்கு இந்தப் பக்கம். பாஸ்போட்டுக்காக எடுத்த சின்னப் படத்தைக் கொண்டுவந்து, "இதைப் பெரிசாக் கீறித் தாங்க தம்பி" என்று கேட்பார்கள். படத்தின் மேல் கட்டம் போட்டு, கடதாசியிலும் பெரிய கட்டம் போட்டு, கரித்தூளால் முகம் கீறுவோம். ஒரு முகத்துக்கு எங்களுக்கு மூன்று நாள் போகும். வாங்கியது ஒரு நாள் பேர்.

ஒரு பாட்டியை அண்ணன் இன்னும் மறக்கவில்லை. மகன் இங்கே நிற்கிறான், அவர் போகிறார். மகனின் முகம் வேண்டும். காசு இல்லை என்று ஒரு பித்தளைச் செம்பைக் கொண்டுவந்து வைத்தார். நாங்கள் செம்பை வாங்கவில்லை. படத்தைச் சுருட்டிக் கொடுத்தோம். ஸ்டேசனில் அந்த ஒப்பாரிக் கோச்சி புறப்பட்டபோது, படம் கசங்கக் கூடாது என்று பெட்டியில் வைக்காமல் கையிலேயே பிடித்திருந்தார். அந்தப் படத்துக்கு நாங்கள் காசு வாங்காதது சரிதான். இன்றைக்கும் அதில் எங்களுக்கு வருத்தமில்லை. பிறகு வந்த எல்லாவற்றையும் அந்தப் பாட்டியின் படம் மாதிரி நினைத்ததில்தான் பிழை நடந்தது.

மாசி மாதம் காமன் கூத்துக்கு ரதிக்கும் மதனுக்கும் கிரீடம் செய்வோம். தடித்த அட்டை, கண்ணாடித் துண்டு, சரிகைக் கடதாசி, பசை. எமனுக்கும் வீரபத்திரனுக்கும் முகத்தில் வர்ணம் போடுவதும் நாங்கள்தான். கிரீடத்தை விற்றால் ஒரு முறைதான் காசு, வாடகைக்கு விட்டால் வருசா வருசம் வரும் என்று அண்ணன் ஒரு யோசனை செய்தார். கெட்டிக்கார யோசனைதான். ஆனால் திரும்பி வந்த கிரீடத்தில் பாதிக் கண்ணாடி இருக்காது, வாடகையும் இருக்காது. "சாமி காரியத்துக்குக் காசா?" என்பார்கள். அதே கூத்தில் பெற்றோல்மாக்ஸ் லாம்பு கொடுத்த கடைக்காரருக்கு வாடகை போய்விடும்.

எங்களுக்காவது தேத்தண்ணி, மரியாதை இருந்தது. தப்பு அடித்தவர்களுக்கு அதுவும் இல்லை. விடிய முன்னம் பிரட்டுக்கு ஆள் கூப்பிடவும் தப்பு, திருவிழாவுக்கும் தப்பு, சாவுக்கும் தப்பு. தோலைக் காய்ச்சிப் பதம் பார்த்துக் கட்டுவது எவ்வளவு நுணுக்கமான வேலை! ஆனால் அடித்தவரை வாசலுக்கு வெளியே நிறுத்தி இலையில் சோறு வைத்தோம். வைத்தவர்களில் எங்கள் வீடும் ஒன்று. அதைச் சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்க முடியாது.

இனிக் கொஞ்சம் நம்ம சங்கத்தைப் பற்றியும் பேச வேண்டும், தலைவர் கோபிக்கக் கூடாது. மே தினத்துக்கு முதல் நாள் இரவு பன்னிரண்டு அடிச் சிவப்புத் துணி வரும். கஞ்சி போட்டுக் காயவைத்து, சோக்கால் கோடு அடித்து, வெள்ளை எனாமலில் எழுதுவோம். எட்டு மணி நேர வேலைக்கு நியாயமான சம்பளம் வேண்டும் என்று விடியவிடிய எழுதியிருக்கிறோம்! கிடைத்தது பணிசும் பிளேன்ரீயும். நாங்களும் கேட்கவில்லை. நம்ம சங்கம், நம்ம போராட்டம் என்ற பெருமை. அந்தப் பெருமை பொய்யில்லை. ஆனால் துணிக்குக் காசு, பெயிண்டுக்குக் காசு, லொறிக்குக் காசு, கைக்கு மட்டும் இல்லை.

அண்ணனிடம் ஒரு கொப்பி உண்டு. எந்த வேலைக்கு எத்தனை நாள் போனது என்று எழுதி வைத்திருக்கிறார். போன வருசம் பேத்தி அதைக் கூட்டிப் பார்த்தாள். 117 பெனருக்கு 31க்குத்தான் காசு வந்திருக்கிறது. அவள் கேட்டாள்: "தாத்தா, கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர் போடுகிறார்கள் என்று சண்டை பிடித்தீர்களே, இதுக்கு உங்களுக்கு யார் அரைப்பேர் போட்டது?" நாங்கள் இரண்டு பேரும் பேசவில்லை. போட்டது நாங்களே.

இன்னொன்றும் கொப்பியில் இருந்தது. எங்களோடு கோடு அடிக்க வந்த ஒரு பொடியனுக்கு நாங்கள் கொடுத்ததும் பணிசுதான். நல்ல கை. கொழும்பில் சாப்பாட்டுக் கடைக்குப் போய்விட்டான்.

பிறகு டவுனில் டிஜிட்டல் பிரிண்ட் வந்தது. முற்பணம் வைக்காமல் மெசினைத் தொட மாட்டார்கள். எங்களிடம் பேரம் பேசிய அதே கமிட்டி அங்கே சத்தமில்லாமல் எண்ணிக் கொடுக்கிறது. மெசின் எங்கள் வேலையை எடுத்ததில் எங்களுக்குப் பெரிய கோபமில்லை. முதலே நாங்கள் விலை சொல்லியிருந்தால் அந்த மெசினை நாங்களே வாங்கியிருப்போமோ என்று ஒரு யோசனை.

கவ்வாத்து வெட்டியதற்கு 55 வயதில் சேமலாப நிதி வந்தது. சங்கம் இருந்ததால், செக்ரோலில் பேர் இருந்ததால் வந்தது. பிரஷ் பிடித்ததற்கு எந்த செக்ரோலும் இல்லை.

இங்கே போனில் படம் செய்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ஹோட்டல்களுக்குத் தப்பு அடிக்கப் போகிறவர்கள், கல்யாணத்துக்கு மணவறை சோடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். வேலை தொடங்க முன்னமே விலையைச் சொல்லுங்கள். எழுதி வாங்குங்கள். சும்மா செய்து கொடுக்க ஆசை வந்தால், செய்யுங்கள். ஆனால் சும்மா என்று நீங்கள் சொல்ல வேண்டும், வாங்குகிறவர் சொல்லக் கூடாது. தலைவர் அவர்களே, அடுத்த மே தின வரவுசெலவில் எழுதுகிற கைக்கும் ஒரு வரி போடுங்கள் என்று இந்தக் கூட்டத்திலேயே கேட்கிறோம்.

வருகிற ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு அண்ணன் காரியாலயத்தில் இருப்பார். கை நடுங்கினாலும் கோடு எங்கே தொடங்க வேண்டும் என்று காட்டுவார். எழுத்துப் பழக விருப்பமானவர்கள் ஒரு முழம் துணியோடு வாருங்கள். கட்டணம் உண்டு.