கோப்புகள் எங்கே போயின?

(நமது நலச்சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

குடிநீர், குப்பை, தெருவிளக்கு எல்லாம் பேசி முடித்தபின் கம்ப்யூட்டர் பற்றிப் பேச எனக்குப் பத்து நிமிடம் தந்திருக்கிறார்கள். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

நம் காரைக்காலில் வீட்டுக்கு வீடு ஆவணங்கள் அதிகம். வீட்டுப் பத்திரம், வாரிசுச் சான்றிதழ், பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல். பிரெஞ்சு ஓய்வூதியம் பெறும் குடும்பங்களில் பிறப்பு, திருமணப் பதிவுகளும் சேரும். 2004 சுனாமியையும் 2018 கஜா புயலையும் பார்த்த ஊர் இது. கடற்காற்றில் காகிதம் பூத்துப்போவதும் நமக்குத் தெரியும். அதனால்தான் பலரும் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் வைத்திருக்கிறீர்கள். நல்ல பழக்கம். ஆனால் ஒருநாள் காலை திறந்து பார்த்தால் டெஸ்க்டாப் காலியாக இருக்கிறது. நெஞ்சு பதறுகிறது. என்ன நடந்தது?

பெரும்பாலும் நடந்தது இதுதான். விண்டோஸில் 'உங்கள் ஃபோல்டர்களை பேக்கப் எடுக்கலாமா?' என்று ஒரு கேள்வி வரும். நீங்கள் 'சரி' என்று அழுத்துகிறீர்கள். சில புதிய கம்ப்யூட்டர்களில் கேட்காமலேயே அது இயங்கத் தொடங்கிவிடும். பேக்கப் என்றால் இன்னொரு நகல் எடுப்பது என்றுதான் நாம் நினைப்போம். ஒன்டிரைவ் செய்வது வேறு. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஆகிய ஃபோல்டர்களையே தன் ஃபோல்டருக்குள் இடம் மாற்றிக்கொள்கிறது. பிறகு ஏதோ காரணத்தால் அதை நிறுத்தினால், கோப்புகள் ஒன்டிரைவ் ஃபோல்டரிலேயே தங்கிவிடலாம். பழைய இடம் காலியாகத் தெரியும். குடித்தனம் அடுத்த தெருவுக்கு மாறிவிட்டது, நாம் பழைய வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறோம்.

எனவே முதலில் தேடுங்கள். சி டிரைவ், அதில் யூசர்ஸ், அதில் உங்கள் பெயர், அதில் ஒன்டிரைவ், அதற்குள் டெஸ்க்டாப். அங்கே இல்லையென்றால் பிரவுசரில் ஒன்டிரைவ் தளத்தில் உங்கள் கணக்கில் நுழைந்து பாருங்கள். அங்குள்ள ரீசைக்கிள் பின்னையும் பாருங்கள். அழித்தவை சாதாரணக் கணக்கில் 30 நாள் வரை அதில் இருக்கும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. கோப்பின் பெயர் தெரியும், திறக்காது. பக்கத்தில் நீல மேகப் படம் இருந்தால் அந்தக் கோப்பு இணையத்தில் மட்டும் இருக்கிறது என்று பொருள். ஐப்பசி மழையில் இணையம் போனால் பத்திரத்தைத் திறக்க முடியாது. முக்கியமான கோப்பின் மேல் வலது கிளிக் செய்து, 'எப்போதும் இந்தக் கருவியில் வை' என்ற பொருளில் வரும் வரியைத் தேர்ந்தெடுங்கள். முழுப் பச்சை வட்டத்தில் வெள்ளை டிக் வந்தால் கவலை இல்லை.

பதற்றத்தில் செய்யக் கூடாதவையும் உண்டு. விண்டோஸை மறுபடி போடச் சொல்லி உடனே கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். 'இங்கேதான் இரண்டு இருக்கிறதே' என்று ஒன்டிரைவ் ஃபோல்டரில் ஒன்றை அழிக்காதீர்கள். இங்கே அழித்தால் இணையத்திலும் அழியும், உங்கள் செல்போனிலும் மறையும்.

உண்மையிலேயே கோப்புகள் தொலைந்த காலமும் உண்டு. 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 அப்டேட், இப்படி ஃபோல்டர் இடம் மாற்றிய சிலரின் கம்ப்யூட்டரில் பழைய ஃபோல்டரை, உள்ளே கோப்புகள் மிச்சம் இருந்தும், அழித்துவிட்டது. சில நாட்களிலேயே மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்தி, சரிசெய்து நவம்பரில் மறுபடி வெளியிட்டது. 2023 நவம்பரில் கூகுள் டிரைவின் கம்ப்யூட்டர் செயலியில் சிலருக்குப் பல மாதக் கோப்புகள் காணாமல் போயின. அப்போது கூகுள் சொன்ன முதல் அறிவுரை: கணக்கைத் துண்டிக்காதீர்கள், செயலியின் தரவு ஃபோல்டரை அழிக்காதீர்கள். கை வைக்காமல் இருந்தவர்களுக்கே மீட்க வாய்ப்பு அதிகம்.

ஒன்டிரைவ் வேண்டாம் என்று நினைப்பவர்கள் முறையாக நிறுத்துங்கள். முதலில் எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் நகல் எடுங்கள். பிறகு கீழே மூலையில் உள்ள மேகப் படத்தை அழுத்தி, செட்டிங்ஸில் பேக்கப்பை நிறுத்துங்கள். அதன்பின் ஒன்டிரைவ் ஃபோல்டரில் உள்ளதைப் பழைய இடத்துக்கு நகர்த்துங்கள். வேண்டும் என்பவர்கள், இலவச இடம் 5 ஜிபிதான் என்பதை நினைவில் வையுங்கள். நிறைந்துவிட்டால் புதிய கோப்புகள் மேலே போகாது.

ஒத்திசைவு வேறு, காப்பு நகல் வேறு. ஒத்திசைவில் நம் தவறும் சேர்ந்தே எல்லா இடத்துக்கும் போகும். ஆகவே அசல் காகிதம் பிளாஸ்டிக் உறையில், ஒரு நகல் இணையத்தில், இன்னொரு நகல் கம்ப்யூட்டரில் இருந்து கழற்றி பீரோவில் வைத்த ஹார்ட் டிஸ்கில் இருக்கட்டும். பாஸ்வேர்டு வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும். வரும் ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்கி, மழைக்காலத்துக்கு முன் இதைச் செய்துவிடுங்கள். பிள்ளைகள் வெளியூரில் இருக்கும் பெரியவர்கள் பக்கத்து வீட்டு மாணவர்களை உதவிக்குக் கூப்பிடலாம். மாணவர்களும் தயங்காமல் போய் உதவுங்கள்.