வேலிக்கு வெளியே நின்ற சாரணன்
(பரிசளிப்பு விழாவில் சாரணர் குழுப் பொறுப்பாசிரியர் ஆற்றிய உரை)

 

நம் பள்ளிச் சாரணர் குழுவைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி தலைமையாசிரியர் பணித்தார். நான் மேடைப் பேச்சாளன் அல்லன். பரிசுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளின் பொறுமையைச் சோதிக்கவும் விரும்பவில்லை. சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன்.

இவ்வாண்டு நம் சாரணர்கள் சனிக்கிழமை தோறும் காலையில் திடலில் கூடினார்கள். ஆறு பேருக்கு ஓர் அணி, அணிக்கு ஒரு தலைவன் என்று பிரித்துக்கொண்டோம். முடிச்சுப் போடுதல், முதலுதவி, சூரியனைப் பார்த்துத் திசை அறிதல் ஆகியவற்றைப் பழகினோம். தோட்டத்துக்கு ஒரு வரைபடம் போடச் சொன்னேன். ஆபீஸ், ஆயாக் கொட்டகை, கோயில், ஆற்றுப் பாலம் எல்லாவற்றையும் குறித்ததோடு, கைத்தொலைபேசிக்கு அலை கிடைக்காத இடங்களையும் சிவப்பு மையில் குறித்துவிட்டார்கள்! கோயில் திருவிழாவுக்கு முன்பு நடந்த கோத்தோங் ரோயோங்கில் பெரியவர்களோடு சேர்ந்து சாக்கடையைச் சுத்தம் செய்தார்கள். பள்ளித் திடலில் ஓர் இரவு முகாமும் நடந்தது. சோறு அடிப்பிடித்துவிட்டது. இருந்தாலும் ஒரு பருக்கை மிச்சமில்லை.

இதுவரை சொன்னது நல்ல செய்தி. இனி என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும்.

ஆண்டுத் தொடக்கத்தில், "சீருடை இல்லாமல் யாரும் வரக்கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். ஒழுங்கு வேண்டுமே என்ற எண்ணம்தான். ஒரு மாணவன் பள்ளிச் சட்டையோடு வந்தான். "சீருடை வாங்கிட்டு வா தம்பி, அப்புறம் சேத்துக்கிறேன்" என்று திருப்பி அனுப்பிவிட்டேன். அவன் மறு பேச்சுப் பேசவில்லை. ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் வேலிக்கு வெளியே நின்று நாங்கள் செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பான். நானும் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

ஒரு நாள் மாலை லயத்துப் பக்கம் போனேன். அந்தப் பையன் வீட்டுக் கன்றுக்குட்டியைக் கட்டிக்கொண்டிருந்தான். கழுத்தில் அவன் போட்டிருந்த கண்ணியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். இழுத்தால் இறுகாத முடிச்சு அது. ஆபத்தில் இருப்பவரைக் கயிற்றில் இறக்கும்போது இடுப்பில் கட்டுவது. எங்கள் குழுவிலேயே பாதிப் பேருக்கு அது சரியாக வராது.

"யாருப்பா சொல்லிக் கொடுத்தது?" என்றேன்.

"நீங்கதான் சார். வேலிக்கு அந்தாண்ட நின்னு பாத்தேன். பழைய முடிச்சு கன்னுக்குட்டி கழுத்தை இறுக்குது சார். அதான் மாத்திட்டேன்."

எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. நான் பாடம் சொல்லிக் கொடுத்தவர்கள் அதைத் தேர்வுக்காகக் கற்றார்கள். நான் விரட்டிவிட்டவன் ஒரு வாயில்லா ஜீவனுக்கு உதவினான். இவர்களில் யார் சாரணன்?

அன்று இரவு, பயிற்சியின்போது படித்ததை மறுபடி எடுத்துப் பார்த்தேன். பேடன் பவல் 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சித் தீவில் நடத்திய முதல் முகாமுக்குச் சுமார் 20 சிறுவர்களைச் சேர்த்தார். செல்வர்கள் படிக்கும் பள்ளிகளிலிருந்து சிலர். சாதாரணத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் சிலர். செல்வர் வீட்டுப் பிள்ளைக்குக் கட்டணம் ஒரு பவுன், மற்றவனுக்கு மூன்று ஷில்லிங் ஆறு பென்ஸ்தான். ஒரு பவுனுக்கு இருபது ஷில்லிங் என்பது அக்காலக் கணக்கு. இன்று நாம் காணும் முழுச் சீருடையும் அங்கே இல்லை. இன்ன அணி என்று காட்ட, தோளில் ஒரு நிற முடிச்சு. ஓநாய் அணிக்கு நீலம், காளை அணிக்குப் பச்சை.

ஏழை பணக்காரன் என்ற வேற்றுமை தெரியாமல் இருக்கத்தான் சீருடை. அதைக் கொண்டே நான் ஒரு பிள்ளையைப் பிரித்து வைத்துவிட்டேன். மறு சனிக்கிழமை வேலிப் பக்கம் போய் நானே அவனைக் கூப்பிட்டேன். அன்றைக்கு முடிச்சுப் பாடம் நடத்தியவன் அவன்தான்.

பெற்றோர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஆறாம் ஆண்டை முடித்துப் போகும் பிள்ளைகளின் சாரணர் சட்டைகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். துவைத்து, மடித்து, பள்ளிக்குக் கொடுங்கள். அலுவலக அலமாரியில் ஒரு தட்டு இதற்கென்றே ஒதுக்கித் தருவதாகத் தலைமையாசிரியர் இசைந்துள்ளார். தையல் தெரிந்த தாய்மார்கள் பொத்தான் வைத்தும், கை குறுக்கியும் கொடுத்தால் போதும். யார் சட்டை யாருக்குப் போனது என்று யாருக்கும் சொல்ல மாட்டோம். கழுத்துத் துணியைக் குழுவே எல்லாருக்கும் வாங்கித் தரும்.

மாணவச் செல்வங்களே, "எப்போதும் தயாராக இரு" என்பது சாரணரின் தாரக மந்திரம். எதற்குத் தயார்? பரிசு வாங்க மட்டுமல்ல. வேலிக்கு வெளியே ஒருவன் நின்றால், "உள்ளே வாடா" என்று கூப்பிடவும் தயாராக இருங்கள். உங்கள் ஆசிரியருக்கு அது கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது.