ஐம்பதிலும் வளையும்!

(படிப்பகப் பொறுப்பாளர்கள் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)

  

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்றொரு பழமொழி நம் நாட்டில் நெடுங்காலமாக உலவி வருகிறது. கேட்பதற்கு இனிமை, சொல்வதற்கு எளிமை, சிந்தித்தால் கொடுமை! வளையாமல் நிற்பது மரம். மனிதன் மரமல்லன். அதுமட்டுமன்று. ஐந்து வயதில் வளைய மறுத்தவர்களா நம்முடைய பாட்டிமார்? வளைவதற்கு அவர்களை எவர் விட்டார்? பள்ளியின் படியேறும் வயதில் இடுப்பிலே தம்பியையும் தலையிலே குடத்தையும் ஏற்றி அனுப்பிய சமுதாயம், அறுபது ஆண்டு கழித்து, "உனக்கினிப் படிப்பு வராது" என்று தீர்ப்பும் கூறுகிறது. குற்றம் புரிந்தவனே நீதிபதியின் இருக்கையில் அமர்ந்து, குற்றத்துக்கு ஆளானவரைத் தண்டிக்கும் விந்தையை வேறெங்கேனும் கண்டதுண்டோ?

கணக்கைப் பார்ப்போம். 1951-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்போது இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் 100-க்கு 18 பேர். பெண்களை மட்டும் எடுத்தால் 100-க்கு 9 பேர்தாம். 1956-இல் காமராசர் ஆட்சியில் பள்ளிகளில் பகலுணவு பரவலாயிற்று, அதன்பின் பள்ளிகள் பெருகின, பிள்ளைகள் வந்தனர். 2011-ஆம் ஆண்டுக் கணக்கில் தமிழகத்தில் எழுத்தறிந்தோர் 100-க்கு 80 பேர் என்ற நிலை வந்தது. பெருமைதான், மறுப்பாரில்லை. ஆனால் அதே 2011-ஆம் ஆண்டில் இந்தியா முழுவதிலும் 60 வயது கடந்தோரில் எழுத்தறிந்தோர் எத்தனை பேர் தெரியுமா? 100-க்கு 44 பேர். ஆடவரில் 59; பெண்டிரில் 28. அதாவது, நான்கு மூதாட்டியரில் ஏறத்தாழ மூவர் எழுத்தறியாதவர். வெளிச்சம் வீட்டுக்கு வந்தது. வீட்டைக் கட்டியவர் மட்டும் இருட்டிலே நிற்கிறார்!

ஆகவே முதியோர் கல்வி என்பது கருணையன்று, தோழர்களே, கடன். வட்டியோடு வளர்ந்துவிட்ட கடன். அந்தக் கடனை அடைக்கும் வழியைப் பேசத்தான் இங்கே கூடியிருக்கிறோம்.

நம்முடைய இயக்க வரலாற்றையே ஒருமுறை எண்ணிப் பாருங்கள். தேநீர்க் கடையிலும் முடிதிருத்தும் நிலையத்திலும் ஒருவர் ஏடு விரித்துப் படிப்பார். பத்துப் பேர் சூழ்ந்திருந்து கேட்பர். அந்தக் கேள்வியறிவு நாட்டையே புரட்டிப் போட்டது. எழுத்தறியாதாரும் அரசியலறிந்தார். ஆயினும் படித்தவர் படித்தவராகவே இருந்தார். கேட்டவர் கேட்டவராகவே நின்றுவிட்டார். கேட்டவருக்கு ஏட்டைப் படிக்கும் ஆற்றலைத் தரும் பணி இன்னும் எஞ்சியிருக்கிறது. அவர்களிற் பலர் மறைந்துவிட்டனர். இருப்பவருக்கேனும் அந்தப் பணியை நாம் செய்தாக வேண்டும்.

"இந்த வயதில் எழுத்தெதற்கு?" என்று கேட்பார் உளர். எதற்கா? முதியோர் உதவித்தொகை வந்ததா, வரவில்லையா என்று பிறர் முகம் பார்த்து நிற்காதிருப்பதற்கு. பேருந்தின் பலகையைப் படித்து ஏறுவதற்கு. காலை வேளைக்குரிய மாத்திரையை இரவில் விழுங்காதிருப்பதற்கு. எந்தத் தாளில் கைநாட்டு வைக்கிறோம் என்றறியாமல் காணி நிலத்தைப் பறிகொடுக்காதிருப்பதற்கு. கைப்பேசியில் வரும் எண்ணைக் கேட்டு வாங்கிச் சேமிப்பைக் களவாடும் கயவனிடம் ஏமாறாதிருப்பதற்கு. எல்லாவற்றுக்கும் மேலாக, எவனோ கட்டிவிட்ட பொய்யைக் கேட்டு நம்பாமல், தானே படித்துத் தானே தெளிவதற்கு. மக்களாட்சியில் வாக்கு உண்டு, வாசிப்பு இல்லை என்றால், அந்த வாக்கும் பிறர் காட்டும் வழியில்தானே போகும்?

ஆனால் ஆர்வம் மட்டும் போதாது. முதியோர் கல்வியைத் தொடங்குவது எளிது, தொடர்வது அரிது. பிறர் எப்படி நடத்தினர் என்று பார்ப்போம்.

அண்டையிலுள்ள கேரளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1989-இல் எர்ணாகுளம் மாவட்டத்தில் முழு எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. 1990 பிப்ரவரி 4 அன்று அது முழு எழுத்தறிவு மாவட்டமாயிற்று. 1991 ஏப்ரல் 18 அன்று கோழிக்கோட்டில், கேரளம் முழுவதும் எழுத்தறிந்தது என்ற அறிவிப்பு வெளியாயிற்று. அதை அறிவித்தவர் அமைச்சரல்லர், ஆளுநரல்லர். அந்த இயக்கத்திலே எழுத்துக் கற்ற சேலக்கோடன் ஆயிஷா என்ற பெண்மணி! மேடையின் பெருமை உரியவரிடம் சென்ற நாள் அது.

கதை அத்துடன் முடிந்திருந்தால் நான் இங்கே எடுத்துரைக்க மாட்டேன். 27 ஆண்டுகள் கழித்து, 2018-இல், ஆலப்புழை மாவட்டத்தைச் சேர்ந்த கார்த்தியாயினி அம்மா என்ற மூதாட்டி, 96-ஆம் வயதில் எழுத்தறிவுத் தேர்வெழுதி 100-க்கு 98 மதிப்பெண் பெற்றார். 2020-இல் குடியரசுத் தலைவரின் கையால் விருது பெற்றார். 2023-இல், 101-ஆம் வயதில் மறைந்தார். அவருடைய திறமையைப் புகழ்வதோடு நின்றுவிடாதீர்கள். 1991-இல் விழா முடிந்ததும் கதவைச் சாத்தியிருந்தால், 2018-இல் அந்த அம்மையார் எந்த வாயிலில் நுழைந்திருப்பார்? அங்கே எழுத்தறிவுக்குப் பின் நான்காம் வகுப்புக்கு நிகரான படிப்பு, அதன்பின் ஏழாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு, மேல்நிலை என்று படிகள் கட்டி வைத்தனர். ஒரு படி ஏறியவருக்கு மறுபடி காத்திருந்தது.

இன்னொன்றும் நோக்குக. இயக்கம் வருவதற்கு 44 ஆண்டுகளுக்கு முன்பே, 1945-இல், பி. என். பணிக்கர் என்ற பெருந்தொண்டர் 47 நூலகங்களை ஒன்றிணைத்து நூலக சங்கம் கண்டார். ஊர்தோறும் அது கிளைத்தது. நிலம் பண்பட்டிருந்தது, பின்னர் விதை விழுந்தது, விளைந்தது.

நம் புதுக்கோட்டை மட்டும் குறைந்ததா? 1991-இல், ஷீலாராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் அங்கே எழுந்தது. எழுத்தோடு மிதிவண்டியும் கற்றுத் தந்தனர். "பெண்ணுக்கு மிதிவண்டியா?" என்று கேலி பேசிய தெருக்களிலே ஆயிரமாயிரம் பெண்கள் மணியடித்துக்கொண்டு சென்றனர். கல்லுடைத்த பெண்கள் குழுவாகக் கூடிக் கல்குவாரியைக் குத்தகைக்கு எடுத்தனர். எழுத்து வேறு, வாழ்வு வேறு என்று பிரிக்காததே அந்த இயக்கத்தின் வெற்றி. ஆயினும் நாடெங்கும் அந்த அலை ஓய்ந்தபின், கற்ற எழுத்தைப் பழகுவதற்குப் படிக்க ஏடின்றி, கூட இடமின்றி, மீண்டும் கைநாட்டுக்குத் திரும்பியோர் பலர். நீர் பாய்ச்சாத நாற்று வாடும். இதற்கு ஆராய்ச்சி வேண்டுவதில்லை.

இனி, எழுத்தறிந்த முதியவர்களைப் பற்றியும் ஒரு சொல். பிரான்சு நாட்டுத் துலூசு நகரில் 1973-இல், பேராசிரியர் பியர் வெல்லா, ஓய்வுபெற்றோருக்கென "மூன்றாம் பருவப் பல்கலைக்கழகம்" ஒன்றைக் கண்டார். அங்கே பேராசிரியர் கற்பித்தார், முதியோர் கற்றனர். 1982-இல் இங்கிலாந்தில், கேம்பிரிட்சில், பீட்டர் லாஸ்லெட் என்ற வரலாற்றாசிரியரும் அவருடைய நண்பர்களும் அந்தக் கருத்தை ஏற்று, முறையை மட்டும் மாற்றினர். கற்பவரே கற்பிப்பர், கற்பிப்பவரே கற்பர். தேர்வு இல்லை, பட்டம் இல்லை, ஆசிரியர்க்கு ஊதியமும் இல்லை. வரலாறு அறிந்தவர் வரலாறு சொல்வார். மறுநாள் அவரே தோட்டக்கலை கற்க மாணவராய் அமர்வார். இன்று அந்நாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களில் அது நடைபெறுகிறது. அரசு ஆணையிட்டு வளர்ந்ததன்று. முதியோரே தம் கையால் வளர்த்தது.

அதை அப்படியே இங்கே நட்டுவிட இயலாது. அங்கே வந்து சேர்ந்தோரிற் பெரும்பாலோர் பள்ளியையும் ஓய்வூதியத்தையும் பார்த்தவர். நம் ஊரில் இருவகை முதியவர் உளர். ஒருவர், கற்காதவர். மற்றவர், கற்றும் தனித்திருப்பவர். ஓய்வுபெற்ற ஆசிரியர், அஞ்சலகப் பணியாளர், இரயில்வே ஊழியர் எனத் திண்ணையில் பொழுதைத் தள்ளிக்கொண்டிருப்பவர் எத்தனை பேர்! ஒருவருக்கு எழுத்து வேண்டும். மற்றவருக்கு வேலை வேண்டும். ஒரே தெருவில் இருவரும் இருக்கின்றனர். இடையிலே ஒரு பலகை இல்லை. அந்தப் பலகையை இடுவதுதான் படிப்பகத்தின் பணி. நான் சொல்ல வந்த கருத்தும் இஃதொன்றே: முதியோருக்காக நாம் நடத்தும் கல்வி நாம் களைத்ததும் நின்றுவிடும்; முதியோரே நடத்தும் கல்விதான் நிலைக்கும், வளரும்.

எப்படி நடத்துவது? சிலவற்றைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, கண். ஐம்பதைக் கடந்தவருக்குக் கிட்டப் பார்வை மங்குவது இயற்கை. எழுத்துத் தெரியாமல் தடுமாறுபவரைப் பார்த்து "மூளையில் ஏறவில்லை" என்று எண்ணிவிடுகிறோம். அவரும் அப்படியே எண்ணி நின்றுவிடுகிறார். ஆகவே அரிச்சுவடிக்கு முன் கண்ணாடி! அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று கண்ணைச் சோதிக்கச் செய்யுங்கள். பெரிய எழுத்து, நல்ல விளக்கு, சாய்ந்து அமர நாற்காலி, அருகிலே கழிப்பறை. இவை சிறிய செய்திகள் அல்ல. வருகையை முடிவு செய்பவை இவைதாம்.

இரண்டாவது, நேரம். உங்களுக்கு ஓய்வான நேரமன்று. அவர்களுக்கு ஓய்வான நேரம். வயல் வேலை முடித்து, பேரப்பிள்ளை பள்ளியிலிருந்து திரும்புமுன் கிடைக்கும் ஒரு மணி நேரம் போதும். இருட்டியபின் எந்த மூதாட்டியையும் தெரு கடந்து வரச் சொல்லாதீர்கள்.

மூன்றாவது, பாடம். நரைத்த தலையின் முன் அணிலையும் ஆட்டையும் காட்டிச் சிறுபிள்ளையாக்காதீர்கள். முதற்பாடம் அவருடைய பெயர். அடுத்தது குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், பேருந்துப் பலகை, மருந்துச் சீட்டு, பின்னர் நாளேட்டின் தலைப்பு. அவருக்குத் தெரிந்ததைக் கேளுங்கள்: விதை, மூலிகை, தறி, வலை, தாலாட்டு. அவர் சொல்லச் சொல்ல எழுதி, பெரிய எழுத்தில் அவரிடமே கொடுங்கள். தாம் சொன்னதைத் தாமே படிக்கும்போது அவருக்கு ஏடு அயலாகத் தோன்றாது. அப்படித்தான் உங்கள் படிப்பகத்துக்கு ஒரு நூலும் பிறக்கும்.

நான்காவது, இடம். உங்கள் படிப்பகம் எந்தத் தெருவில் இருக்கிறது? சேரியிலிருக்கும் பாட்டி அங்கே வந்து, ஊர்ப் பாட்டியின் பக்கத்தில், அதே பலகையில் அமர முடியுமா? முடியாதெனில், நீங்கள் நடத்துவது கல்வியன்று; பழைய கொடுமைக்குப் புதிய கூரை. பொது இடம் வேண்டுமென்றால் தேடி அலைய வேண்டாம். 1948-இலேயே, விடுதலைக்குப் பின் இந்தியாவில் முதலாவதாக, பொது நூலகச் சட்டம் கண்ட மாநிலம் நம்முடையது. 2006-இல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகக் கட்டடம் எழுந்தது. உங்கள் ஊரில் அது பூட்டிக் கிடந்தால், சாவி யாரிடமென்று கேளுங்கள், கேட்டுக்கொண்டே இருங்கள்.

ஐந்தாவது, சிலருக்குக் கசக்கலாம். ஆயினும் சொல்லத்தான் வேண்டும். வருபவரிடம் எந்தக் கட்சி என்று கேளாதீர்கள். உறுப்பினர் சீட்டை நீட்டாதீர்கள். மாற்றுக் கட்சித் தோழரின் தாயும் நமக்குத் தாயே. எழுத்தைக் கொடுத்து வாக்கை வாங்கினால் அது வாணிகம். எழுத்தைக் கொடுத்து, "அம்மா, இனி நீங்களே படித்துப் பாருங்கள், நாங்கள் சொல்வதையும் சரிபாருங்கள்" என்பதே பகுத்தறிவு. தாமே படித்துச் சிந்திப்பவரைக் கண்டு அஞ்சும் கொள்கையாக நம் கொள்கை இருக்குமானால், அது தோற்பதே நன்று!

ஆறாவது, அளவுகோல். திறப்பு விழாவுக்கு வந்தோரை எண்ணாதீர்கள். ஆறாம் மாதம் வருவோரை எண்ணுங்கள். வராமல் நின்றவரின் வீட்டுக்குச் சென்று காரணம் கேளுங்கள். மூட்டுவலியா? மருமகளின் மனவருத்தமா? யாரேனும் சிரித்தார்களா? அந்தக் காரணத்தை நீக்குவதுதான் அடுத்த வாரப் பாடம். கற்றுத் தேறியவரில் இருவரை அடுத்த தெருவில் தொடங்கச் சொல்லுங்கள். பத்துப் பேர் கொண்ட ஒன்று, பத்துப் பேர் கொண்ட இரண்டாக வேண்டும். இருபது பேர் கொண்ட ஒன்றாகக் கூடாது. ஆலமரம் விழுது விட்டு வளரும் முறை அதுதான்.

"அரசு செய்யாதா?" என்பீர்கள். செய்யட்டும், செய்யுமாறு வலியுறுத்துவோம். 2022 முதல் 2027 வரை என வகுக்கப்பட்ட புதிய பாரத எழுத்தறிவுத் திட்டமும் தன்னார்வலர்களைத்தான் நம்பியிருக்கிறது. அந்தத் தன்னார்வலர் வானத்திலிருந்தா இறங்குவர்? நம்மிலிருந்துதான் வர வேண்டும். திட்டத்துக்கு ஆண்டுக் கணக்கு உண்டு. படிப்பகத்துக்கு அது கூடாது.

தோழர்களே! ஊர் திரும்பியதும் மாநாடு கூட்டாதீர்கள், வளைவு கட்டாதீர்கள், ஒலிபெருக்கி வைக்காதீர்கள். உங்கள் தெருவில் கைநாட்டு வைக்கும் முதியவர் எத்தனை பேர், ஓய்வுபெற்றுத் தனித்திருப்பவர் எத்தனை பேர் என்று இரண்டு பட்டியல் எழுதுங்கள். முதற்பட்டியலில் ஒருவரையும் இரண்டாம் பட்டியலில் ஒருவரையும் அழைத்து வந்து எதிரெதிரே அமர்த்துங்கள். நடுவிலே ஒரு பலகை. அதன்மேல் அன்றைய நாளேடு. அந்த மூதாட்டி, தம் பெயரிலுள்ள ஓர் எழுத்தை அந்த நாளேட்டில் தேடிக் கண்டுபிடிக்கட்டும். அதுதான் தொடக்கம்.