விபத்து நட்டஈடும் வழக்குச் செலவும்
(திருக்கோவில் தொழிலாளர் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)

 

தென்னையில் இருந்து விழுந்து முதுகு உடைந்தவர்களும், கரும்பு வெட்டும்போது விரலை இழந்தவர்களும் நமது ஊர்களில் இருக்கிறார்கள். விபத்து ஒரு நொடியில் நடந்து விடுகிறது. நட்டஈடு வருவதற்கோ வருடங்கள் போகின்றன. அதற்குள் நகை அடகுக்குப் போகிறது, பிள்ளையின் படிப்பு நிற்கிறது. அந்த நேரம் பார்த்துத்தான் முதலாளியின் ஆள் கொஞ்சக் காசோடு வீட்டுக்கு வந்து, "இதில் கையொப்பம் வையுங்கள்" என்கிறார். தாமதத்தால் லாபம் அடைபவர் யார் என்று யோசித்துப் பாருங்கள்.

நட்டஈடு யாரும் போடும் பிச்சை அல்ல. தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934ஆம் ஆண்டிலிருந்து இந்த நாட்டில் உள்ளது. உச்சத் தொகை 5,50,000 ரூபாவாக இருந்தது. 2022இல் வந்த திருத்தம் அதை 20 இலட்சமாக உயர்த்தியது. வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பி வரும் வழியிலும் நடக்கும் விபத்தும் அதே திருத்தத்தால் சேர்க்கப்பட்டது. உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் ஒப்பந்தம் சட்டத்தின் முன் செல்லாது. அதனால் அந்தத் தாளுக்குப் பயப்படவும் வேண்டாம், அதில் கையொப்பம் வைக்கவும் வேண்டாம்.

இன்னொரு ஏமாற்றையும் சொல்ல வேண்டும். "ஈபிஎஃப் காசை எடுத்துக்கொள், கணக்கு முடிந்தது" என்பார்கள். நிரந்தரமாக வேலை செய்ய முடியாமல் போனவர் 55 வயது, பெண்களானால் 50 வயது, வரும்வரை காத்திராமல் அந்தக் காசை எடுக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் அது நீங்கள் உழைத்துச் சேர்த்த காசு. நட்டஈடு வேறு.

கோரிக்கைகள் ஏன் இழுபடுகின்றன? பெரும்பாலும் கடதாசி இல்லாததால். விபத்து நடந்த அன்று செக்றோலில் பெயர் இல்லை. வைத்தியசாலையில் "வீட்டில் விழுந்தேன்" என்று சொல்லச் சொல்கிறார்கள், நாமும் வேலை போய்விடும் என்று பயந்து அப்படியே சொல்லி விடுகிறோம். அந்த ஒரு சொல்லைத் திருத்தத்தான் பிறகு சட்டத்தரணிக்குக் காசு கட்டுகிறோம்.

எனவே நாங்கள் கேட்பது இவைதான். விபத்து எங்கே, எப்படி நடந்ததோ அதை உள்ளபடியே டொக்டரிடம் சொல்லுங்கள். வைத்தியசாலைத் துண்டுகளைப் பத்திரமாக வையுங்கள். தோட்டத்துக்கு எழுத்தில் அறிவித்து, பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். கூட வேலை செய்த இரண்டு பேரின் பெயரை அன்றே எழுதுங்கள். சம்பளத் துண்டை எறிய வேண்டாம். நட்டஈடு சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது.

நட்டஈட்டு ஆணையாளருக்கு விண்ணப்பம் கொடுக்கச் சட்டத்தரணி கட்டாயம் இல்லை. படிவத்தைச் சங்கத்தில் இருந்தே நிரப்பி அனுப்பலாம். ஆனால் "இவர் எங்கள் தொழிலாளியே அல்ல" என்று தோட்டம் மறுத்தால் சட்டத்தரணி தேவைப்படலாம். அப்போது முதலில் வட்டிக்காரரிடம் போகாதீர்கள். 1978இன் 27ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான சட்ட உதவி ஆணைக்குழு, வருமானம் குறைந்தவர்களுக்கு உதவுவதற்கே இருக்கிறது. தனியார் சட்டத்தரணியிடம் போவதானால் கட்டணம் எவ்வளவு, எதற்கு என்று முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். காசு கொடுத்தால் பற்றுச்சீட்டு வாங்குங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

இங்கிருந்து கொழும்புக்கு 300 கிலோமீற்றருக்கும் மேல். ஊன்றுகோலோடு ஒருவர் பஸ் ஏறி, "அடுத்த தவணை" என்று கேட்டுத் திரும்புவது கொடுமை. விசாரணைகள் நமது மாவட்டத்திலேயே நடக்க வேண்டும் என்று நாங்கள் கோருகிறோம். அது கிடைக்கும்வரை, போகிறவருக்கு பஸ் காசும் துணைக்கு ஓர் ஆளும் தர, சந்தாவில் இருந்து விபத்து நிதி ஒன்றை ஒதுக்க வேண்டும் என்பது எங்கள் பிரேரணை. இன்று அதை உங்கள் முன் வைக்கிறோம். சம்மதமானால் கையை உயர்த்துங்கள். உயர்த்தக் கை இல்லாதவர்களுக்காகவும் சேர்த்து உயர்த்துங்கள்.