பாலாற்றுக்கு வாதாடியவர்

வாலாஜாபேட்டையை ஒட்டிய பாலாற்றுக்கு உச்ச நீதிமன்றத்தில் குரல் கொடுத்தவர்களில் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா முக்கியமானவர். கங்கைக்காக 1985-ல் வழக்குத் தொடுத்து, 1987-ல் கான்பூர் தோல் ஆலைகள் மீது தீர்ப்புப் பெற்றவர். அந்த அனுபவத்தோடுதான், பாலாற்றைக் கெடுத்த தோல் ஆலைக் கழிவுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் தொடர்ந்த வழக்கில் வாதாடினார். ஆறுகளைக் காக்கும் பணி என்றதும் மேடைப் பேச்சும் ஊர்வலமும்தான் நினைவுக்கு வரும். ஆனால் இந்த வழக்கை நிலைநிறுத்தியது ஆதாரம். திண்டுக்கல் பகுதியின் 13 கிராமங்களில் ஆய்வு செய்த 467 கிணறுகளில் 350 கெட்டிருந்தன. சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் முழுதாகவோ ஓரளவோ சாகுபடிக்கு உதவாமல் போயிருந்தது. கிணறு கிணறாக எண்ணியவர்களின் உழைப்பும் அந்த வாதத்துக்குள் இருந்தது.

தோல் ஆலைகளை மூடினால் ஆம்பூர், ராணிப்பேட்டைத் தொழிலாளர் குடும்பங்கள் என்ன செய்யும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 1996 ஆகஸ்ட் 28 தீர்ப்பும் அந்நியச் செலாவணியையும் வேலைவாய்ப்பையும் மறுக்கவில்லை. கழிவைச் சுத்திகரித்துத் தொழில் நடத்தலாம், கெடுத்தவர் இழப்பீடு தர வேண்டும் என்றது. கிணற்றுநீர் கெட்ட உழவரும் தொழிலாளிதானே! தீர்ப்பு வந்தும் ஆறு தேறவில்லையே என்பது அதைவிடக் கனமான ஆட்சேபம். உண்மைதான். ஆனால் அந்தத் தீர்ப்பு இல்லாவிட்டால் பாலாற்று மக்கள் இழப்பீடு கேட்க எழுத்தில் இவ்வளவு வலுவான பிடி இருந்திருக்காது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு தந்து, அந்தத் தொகையை மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்கவும், கண்காணிப்புக் குழு அமைக்கவும் மறுபடி உத்தரவிட்டது.