தாமிரபரணிக் கரையில் ரகசியம் தேடியவர்கள்



1881-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். நெல்லையப்பர் கோயில் வளாகத்துக்கு ஒரு தென்னங்கன்று வந்து சேர்ந்தது. கொண்டு வந்தவர்கள் ஊர்க்காரர்கள் இல்லை. இலங்கையிலிருந்து கடல் கடந்து தூத்துக்குடியில் இறங்கிய சிங்கள பௌத்தர்கள். அவர்களை அழைத்து வந்தவர் நீண்ட தாடி வைத்த ஓர் அமெரிக்கர். வேணுவனம், அதாவது மூங்கில் காடு என்று பெயர் பெற்ற அந்தத் தலத்தில், திரண்டு நின்ற கூட்டத்துக்கு நடுவே தென்னங்கன்று நடப்பட்டது. இந்துக்களும் பௌத்தர்களும் உறவு கொண்டாடியதற்கு அது அடையாளம்.

அந்த அமெரிக்கர் கர்னல் ஹென்றி ஸ்டீல் ஆல்காட். 1875-இல் நியூயார்க்கில் பிளாவட்ஸ்கி அம்மையாருடன் சேர்ந்து பிரம்மஞான சபையைத் தொடங்கியவர். எல்லாச் சமயங்களுக்கும் அடியில் ஒரே ஞானம் ஓடுகிறது, அது இமயத்துக்கு அப்பால் சில மகாத்மாக்களின் காவலில் இருக்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை. இருவரும் 1879-இல் பம்பாய் வந்தார்கள். சபை அடையாற்றில் குடியேறியது 1882 டிசம்பரில்தான். அதற்கு ஓராண்டுக்கு முன்பே திருநெல்வேலியில் அதன் கிளை முளைத்துவிட்டது.

கிளை என்றால் பெரிய கட்டடம் என்று எண்ண வேண்டாம். வக்கீல்கள், பள்ளி ஆசிரியர்கள், கச்சேரி குமாஸ்தாக்கள் என ஆங்கிலம் படித்த சிலர் மாலையில் ஓரிடத்தில் கூடுவார்கள். சபையின் மாதப் பத்திரிகையை ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்பார்கள். அப்புறம் விவாதம். தாங்கள் படித்த பள்ளிக்கூடங்களில் மூடநம்பிக்கை என்று தள்ளப்பட்ட உபநிடதமும் யோகமும், ஒரு வெள்ளைக்காரர் வாயாலேயே உயர்வாகப் பேசப்பட்டதைக் கேட்டபோது அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! இந்தப் படிப்பு வட்டங்களின் வீச்சைக் குறைத்து மதிப்பிட முடியாது. லண்டனில் சட்டம் படித்த காந்தி கீதையை முதன்முதலாகப் படித்ததே பிரம்மஞான சபை அன்பர் இருவரோடு உட்கார்ந்துதான். 1893 நவம்பரில் சபையைச் சேர்ந்த அன்னி பெசன்ட் இந்திய மண்ணில் முதல் அடி வைத்த இடமும் நம் தூத்துக்குடிதான்.

அந்த நாள் நெல்லையில் எஸ். ராமசாமி ஐயர் என்றொருவர் இருந்தார். பதிவுத் துறையில் உத்தியோகம். பத்திரங்களும் சாட்சிக் கையெழுத்துகளும் முத்திரைகளுமாகப் பொழுது போகும் வேலை. அவர் சபையில் சேர்ந்தார். மகாத்மா ஒருவரைத் தம் குருவாக வரித்துக்கொண்டார். குருவிடமிருந்து என்று சில கடிதங்களும் அவருக்கு வந்தன. ஆனால் கடிதம் போதவில்லை. நேரில் காண வேண்டும் என்ற தவிப்பு அவரை விடவில்லை.

1882-இல், உடல்நலக் குறைவுக்காக எடுத்த விடுப்பில் அவர் வடக்கே கிளம்பினார். பிளாவட்ஸ்கி அம்மையாரைத் தேடி வங்காளம் வரை போனார். அங்கிருந்து டார்ஜிலிங். அதற்கு மேல் துணை கிடையாது. எல்லை தாண்டும் அனுமதிச் சீட்டும் கிடையாது. கையில் ஒரு குடை. தாமிரபரணித் தண்ணீரில் வளர்ந்த உடம்போடு, அக்டோபர் மாதக் குளிரில், சிக்கிம் மலைப் பாதையில் தன்னந்தனியே நடந்தார். வழியில் ஒரு சிறுத்தையையும் ஒரு காட்டுப் பூனையையும் கண்டதாகவும், அப்போது பயமே தோன்றவில்லை என்றும் பிறகு எழுதினார். ஒரு குடிசையில் இரவைக் கழித்து, மறுநாள் காலை மீண்டும் நடந்தபோது, எதிரே குதிரையில் ஒருவர் வந்தார். பார்த்த மாத்திரத்தில் அவரே தம் குரு என்று ராமசாமி ஐயருக்குத் தெரிந்துவிட்டதாம். நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். இதற்கு மேல் போகாதே, திரும்பிப் போ என்று குருவே சொன்னதாக அவர் எழுதியிருக்கிறார். அந்த அனுபவம் 1882 டிசம்பரில் சபையின் பத்திரிகையில் வெளிவந்து பல நாடுகளில் பேசப்பட்டது.

கதை அங்கே நிற்கவில்லை. மகாத்மாக்களின் கடிதங்கள் எங்கிருந்து வருகின்றன என்ற கேள்வி 1884-இல் பெரிதாக வெடித்தது. லண்டனிலிருந்து ஆய்வுக்கு வந்த ரிச்சர்ட் ஹாட்சன், அவை மோசடி என்று 1885-இல் அறிக்கை தந்தார். அந்த அறிக்கையும் சரியில்லை என்று வாதிடுபவர்கள் பின்னாளில் வந்தார்கள். நெல்லைக்கு நெருக்கமான செய்தி வேறு. ராமசாமி ஐயர் 1893-இல் காலமானார். மறு ஆண்டு அவருடைய மகன் சீதாராமன், தந்தைக்கு வந்த கடிதங்களையே அச்சிட்டு, அம்மையாரையும் சபையையும் கடுமையாகச் சாடும் நூலொன்றைச் சென்னையில் வெளியிட்டார். அப்பா பொக்கிஷமாகக் காத்ததை மகன் சாட்சியமாக ஊர் முன் வைத்தார்.

ராமசாமி ஐயரை ஏமாளி என்று ஒதுக்கிவிடக் கூடாது. குடையும் கையுமாக இமயத்தில் ஏறிய அந்தத் தாகம் பொய்யில்லை. ஆனால் மலைப்பாதையில் அவர் கண்டதைக் கண்டவர் அவர் ஒருவர்தான். கடிதம் வந்ததும் அவருக்குத்தான். நெல்லையில் அவரோடு கூடிப் படித்த நண்பர்கள் அதை நம்பலாம் அல்லது நம்பாமல் இருக்கலாம். வாங்கிப் பார்த்து, ஐயம் கேட்டு, தம் அனுபவத்தோடு ஒட்டிப் பார்க்க அவர்களுக்கு வழியே இல்லை.

இத்தனைக்கும் குருவைத் தேடி அவ்வளவு தூரம் போக வேண்டாத காலம் ஒன்று அதற்குச் சற்று முன்புதான் முடிந்திருந்தது. நெல்லையிலிருந்து சேரன்மகாதேவி போகும் வழிப் பக்கம், ஆற்றங்கரையில் கோடகநல்லூர். நவகைலாயத் தலங்களில் செவ்வாய்க்கு உரியது என்று இன்று மக்கள் போகும் கைலாசநாதர் கோயில் அங்கேதான் இருக்கிறது. அந்த ஊர்ச் சுந்தர சுவாமிகள் வேதாந்தத்தைச் சைவத்தோடு இணைத்துப் பாடம் சொன்னவர். 1878-இல் சமாதியடைந்தார். அதற்கு முந்தைய ஆண்டு திருநெல்வேலியில் ஆங்கிலத் தமிழ்ப் பள்ளிக்குத் தலைமை ஏற்க வந்தார் ஓர் இளைஞர், வயது 22. சுவாமிகளை அவர் ஞானகுருவாகக் கொண்டார். அவர்தான் பிற்காலத்தில் மனோன்மணீயம் எழுதிய பெ. சுந்தரம் பிள்ளை. அவர் தலைமையேற்ற பள்ளிதான் பின்னர் ம.தி.தா. இந்துக் கல்லூரியாக வளர்ந்தது.

1891-இல் வெளிவந்த அந்த நாடகத்தில் குரு சுந்தர முனிவராக வருகிறார். கதை நடக்கும் இடமே திருநெல்வேலிதான். முனிவரின் சீடர்கள் நிட்டாபரரும் கருணாகரரும். உலகை விட்டு நிட்டையில் அமர்வதா, உலகத்தின் துன்பத்தில் இறங்கித் தொண்டு செய்வதா என்று இருவரும் வாதாடும் இடத்தைப் படித்தால், குருவைச் சுற்றி உட்கார்ந்து கேள்வி கேட்ட ஒரு வட்டத்தின் சத்தம் காதில் விழும். சீடர்கள் முரண்படுகிறார்கள், முரண்பட இடம் இருக்கிறது. நாடகத்தின் மூலக்கதை ஆங்கில எழுத்தாளர் லிட்டன் எழுதிய ‘ரகசிய வழி’. சனோனி என்ற மறைஞான நாவலை எழுதி, பிளாவட்ஸ்கி அம்மையாரை மிகவும் கவர்ந்தவரும் அதே லிட்டன்தான்! ஒரே ஆசிரியர் ஒரு பக்கம் மகாத்மாக்களைத் தேடியவர்களுக்கு உணவானார். இன்னொரு பக்கம் கோடகநல்லூர் குருவின் மாணவருக்குக் கதை தந்தார்.

மறைபொருளைப் பூட்டி வைப்பது இந்தப் பள்ளத்தாக்குக்கும் பழக்கம்தான். ஆழ்வார்திருநகரியைப் பாருங்கள். நம்மாழ்வார் புளியமரத்தடியில் பேசாமல் அமர்ந்திருந்த தலம். அவருடைய திருவாய்மொழிக்கு ஸ்ரீரங்கத்தில் நம்பிள்ளை பகலில் விரிவுரை சொல்ல, அதை இரவில் ஏட்டில் எழுதி வைத்தார் வடக்குத் திருவீதிப் பிள்ளை. அதுதான் ‘ஈடு’. ஒரு படிக்கு 32 எழுத்து என்ற கணக்கில் 36,000 படி. குருபரம்பரைச் செய்தி இப்படிப் போகிறது: நம்பிள்ளை அந்த ஏட்டை வாங்கிக்கொண்டார், உடனே ஊரறிய விடவில்லை. ஈயுண்ணி மாதவப் பெருமாளிடம் கொடுத்தார். அங்கிருந்து ஓர் ஆசிரியர், ஒரு மாணவர் என்று ஓராண் வழியாகவே அது இறங்கி வந்தது. கடைசியில் அது வந்து சேர்ந்த இடம் ஆழ்வார்திருநகரி. காடு மண்டிக் கிடந்த அந்த ஊரைத் திருத்திய திருவாய்மொழிப் பிள்ளையிடம் அதைக் கற்றவர் மணவாள மாமுனிகள். 1370-இல் அதே ஊரில் பிறந்தவர். பின்பு அவர் ஸ்ரீரங்கம் போய், நம்பெருமாள் திருமுன், ஓராண்டுக் காலம் ஈட்டை எல்லாருக்கும் விரித்துரைத்தார். பல தலைமுறை ஒற்றை நூலில் தொங்கிய ஏடு ஒரே ஆண்டில் எல்லாருடைய சொத்தாயிற்று.

பொதிகை அடிவாரத்திலும் இதே கதை உண்டு. பாபநாசத்துக்குப் பக்கத்து விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்து, திருவாவடுதுறை ஆதீனத் துறவியாகி, 1785-இல் மறைந்தவர் சிவஞான முனிவர். சிவஞான போதத்துக்கு அவர் எழுதிய பேருரையான மாபாடியம் நெடுங்காலம் மடத்துக்குள்ளேயே காக்கப்பட்டது. முழுமையாக அச்சேறியது 20-ஆம் நூற்றாண்டில்தான்.

அச்சு ஏறும் வரை மக்கள் காத்திருக்கவில்லை. 1883-இல் தூத்துக்குடியில் சைவ சித்தாந்த சபை, 1886-இல் பாளையங்கோட்டையில் சைவ சபை, 1885-இல் திருவனந்தபுரத்தில் சுந்தரம் பிள்ளையின் முயற்சியில் சைவப் பிரகாச சபை என்று அடுத்தடுத்துத் தோன்றின. ஆல்காட் வந்து போன ஐந்தாண்டுக்குள் இத்தனையும் என்பதைக் கவனிக்க வேண்டும். பாதிரிமார்களின் பிரசாரமும் பிரம்மஞான சபையின் கூட்டங்களும் உள்ளூர்க்காரர்களை உசுப்பிவிட்டன என்றே தோன்றுகிறது. மடத்தில் தீட்சை பெற்றவருக்கு மட்டும் கிடைத்த சாத்திரப் பாடம், சபை மண்டபத்தில் பாயில் உட்கார்ந்தவருக்கும் கிடைத்தது. அந்தச் சூழலில் உருவானவர்தான் வ.உ.சிதம்பரனார். ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கில ஞான எழுத்தாளரின் நூல்களை ‘மனம்போல வாழ்வு’, ‘அகமே புறம்’ என்றெல்லாம் தமிழாக்கியவர், சிவஞான போதத்துக்கும் எளிய உரை எழுதி 1935-இல் வெளியிட்டார். கப்பல் ஓட்டியவர் என்று மட்டும் அவரை நினைப்பது நாம் அவருக்குச் செய்யும் குறை.

சைவ, வைணவத்தோடு இது முடியவில்லை. சிற்றாற்றங்கரைத் தென்காசியில் பிறந்து தக்கலையில் அடங்கிய சூஃபி ஞானி பீர் முகம்மது அப்பாவின் ‘ஞானப் புகழ்ச்சி’யை, ஆண்டு விழாவின்போது ஓர் இரவு முழுக்கக் கூட்டமாக உட்கார்ந்து பாடுகிறார்கள். அய்யாவழி அன்பர்களின் நிழல் தாங்கல்களில் அவர்களுடைய புனித நூலான அகிலத்திரட்டு ஏடு வாசிப்பு பல நாள் நடக்கிறது. ஒருவர் ராகம் போட்டு வாசிக்க, இன்னொருவர் பொருள் சொல்கிறார்.

இன்று நெல்லைப் பக்கம் பரவலாகக் காண்பது திருவாசக முற்றோதல். ஞாயிற்றுக்கிழமை காலை. கோயில் மண்டபத்தில் ஜமுக்காளம் விரித்திருக்கும். பெரிய எழுத்துப் புத்தகங்கள்; சிலவற்றுக்கு அட்டை கிழிந்து, காக்கித்தாள் போட்டிருக்கும். பக்கத்தில் தண்ணீர்ச் செம்பு, திருநீற்றுத் தட்டு. சிவபுராணத்தில் தொடங்கி 51 பகுதிகள், 658 பாடல்கள். மத்தியானம் தாண்டும். வந்திருப்பவர்களில் ஓய்வு பெற்ற ஆசிரியை இருப்பார், பலசரக்குக் கடைக்காரர் இருப்பார், பள்ளி விடுமுறையில் பாட்டியோடு வந்த சிறுமி இருப்பாள். திருவண்டப் பகுதி வரும்போது அண்டங்களின் பெருக்கத்தையும் மகா நுண்மையையும் சொல்லும் அடிகள் வாயில் புரளச் சிரமம். குரல்கள் முன்னும் பின்னுமாகப் போகும். முன்னே இருந்து நடத்துபவர் கையைத் தூக்குவார். எல்லாரும் நிற்பார்கள். அவர் அந்த அடியைச் சீர் சீராகப் பிரித்துச் சொல்வார். பின்வரிசையிலிருந்து ஒருவர், “ஐயா, அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?” என்று கேட்பார். பொருள் சொல்லி முடியும் வரை, விட்ட வரியில் விரலை வைத்தபடி அத்தனை பேரும் காத்திருப்பார்கள்.