விருது வாங்குற வயசு எது?

நடுவர் அவர்களே! இளைஞர்கள் வாங்குகிற விருதுகளுக்கு அவர்கள் தகுதியானவர்களே என்ற அணியிலே நிற்கிறேன். எனக்கு ஒரு விருதும் வந்ததில்லை. அதனால வயித்தெரிச்சல் இல்லாம பேசுவேன்னு நம்பலாம். (சிரிப்பு)

எனக்கு முன்னால் பேசின அம்மா என்ன சொன்னாங்க? "குகேஷ் ஜெயிக்கலை, எதிராளி தோத்துட்டார்"னாங்க. ஏம்மா, ஜெயிக்கிறதுன்னா வேற என்னங்க? (கைதட்டல்)

2024 டிசம்பர் 12. சிங்கப்பூர். பதினாலாவது ஆட்டம். ஆறரைக்கு ஆறரை, ரெண்டு பேரும் சமம். டிங் லிரென் யானையைத் தப்பான கட்டத்திலே வைத்தார், மறுக்கலை. ஆனா எப்போ வைத்தார்? ஐம்பத்தைந்தாவது நகர்த்தலிலே! டிரான்னு எல்லாரும் முடிவுகட்டின ஆட்டத்தை, ஒரே ஒரு சிப்பாய் கூடுதலா இருக்குதேன்னு விடாம இழுத்துக்கிட்டுப் போனது யாருங்க? அந்தப் பதினெட்டு வயசுப் பையன். தவறு தானா விழாது நடுவர் அவர்களே, உட்கார்ந்து உட்கார்ந்து விழவைக்கணும். முதல் ஆட்டத்திலேயே தோத்துட்டு எழுந்து வந்தவன் அவன். 2013-ல சென்னையிலே ஆனந்த் பட்டத்தைக் கார்ல்சனிடம் விட்டபோது, பார்வையாளர் வரிசையிலே ஏழு வயசுப் பிள்ளையா இருந்தவன். அன்னிக்கு நாமும்தான் டி.வி. பார்த்தோம். பார்த்துட்டு என்ன செஞ்சோம்? சாப்பிடப் போனோம். (சிரிப்பு)

அடுத்தது, "அப்பா செஞ்சதுக்குப் பிள்ளை மாலை போட்டுக்கிறான்"னு ஒரு குற்றச்சாட்டு. இது புதுசு இல்லைங்க. 1915-ல பௌதிகத்துக்கான நோபல் பரிசை அப்பாவும் மகனும் சேர்ந்து வாங்கினாங்க. வில்லியம் பிராக், லாரன்ஸ் பிராக். மகனுக்கு வயசு இருபத்தஞ்சு. எக்ஸ் கதிர் படிகத்திலே பட்டு எப்படித் திரும்புதுங்கிற விதியைக் கண்டது மகன், 1912-ல, இருபத்திரெண்டு வயசிலே. ஊர் என்ன நினைச்சது? அப்பாவோட மூளைன்னு நினைச்சது. பரிசு வந்தும் அந்த முள் அவர் மனசை விட்டுப் போகலை.

"சரி, வயசாகட்டுமே, பொறுத்துக் கொடுக்கலாமே"ங்கறாங்க. பொறுத்தும் பார்த்தோமே! சென்னை மாநிலக் கல்லூரியிலே படிச்ச சந்திரசேகர், 1930-ல கப்பல்ல இங்கிலாந்து போறப்போ கணக்குப் போட்டார். பத்தொன்பது வயசு. 1935-ல சபையிலே வைத்தே எடிங்டன் அதைக் கேலி பண்ணினார். நோபல் வந்தது 1983-ல. ஐம்பத்து மூணு வருஷம்! எல்லாரும் அவ்வளவு நாள் இருப்பாங்களா?

பணம் கட்டினா சால்வை போர்த்துற விருதும் நாட்டிலே உண்டு. ஒத்துக்கறேன். அதை வாங்குறவங்க பெரும்பாலும் இளைஞர்கள் இல்லை, அவ்வளவுதான். (சிரிப்பு, கைதட்டல்)

கடைசியா என் கதை ஒண்ணு. பல வருஷத்துக்கு முன்னால, பள்ளிப் பிள்ளைகளுக்கான கட்டுரைப் போட்டி. நான் நடுவர். வீட்டிலிருந்தே எழுதிவரச் சொன்ன போட்டி. கிணறு வெட்டுறதைப் பற்றி ஒரு பையன் எழுதியிருந்தான். ஆழம் போகப் போக மண்ணோட நிறம் எப்படி மாறுது, வெடிக்குத் திரி பத்தவெச்சுட்டுக் கயிறைப் பிடிச்சு மேலே ஏறுறவனுக்கு எவ்வளவு நேரம் இருக்கு... அப்படி ஒரு எழுத்து. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? "இது பையன் நடை இல்லை, அப்பா எழுதிக் கொடுத்திருக்கார்"னு ஓரத்திலே குறிச்சு, முதல் பரிசை வேற பிள்ளைக்குக் கொடுத்துட்டேன். இவனுக்கு ஆறுதல் பரிசு, ஒரு டிபன் பாக்ஸ்.

மேடைக்கு வந்தான். மெதுவாக் கேட்டேன், "தம்பி, உங்கப்பா என்ன வேலை?"

"கிணறு வெட்டுறாருங்க ஐயா. அவருக்கு எழுதத் தெரியாது. அவரு சொல்லச் சொல்ல நான் கேட்டுக்கிட்டே இருப்பேன்."

வணக்கம் சொல்லிட்டு இறங்கிப் போயிட்டான். டிபன் பாக்ஸ் மேஜை மேலேயே இருந்தது. பக்கத்திலே முதல் பரிசுக் கோப்பை. இன்னும் கொடுத்திருக்கலை. மாத்தி அறிவிக்க எனக்கு அரை நிமிஷம் போதும். நான் வாயைத் திறக்கலை.

மணி அடிச்சுட்டீங்க நடுவர் அவர்களே.